நின்றிருக்கும் நாற்காலியும் நகரக்கூடும்

பக்கவாதத்திலிருந்து ஓரளவு தேறி வீடு திரும்பியிருந்த பெரியவர் ஒருவர், இடுப்பெலும்பு முறிந்த நிலையில் மீண்டும் எங்கள் பிரிவுக்கு வந்தார். சாலை விபத்து ஏதும் நிகழவில்லை. சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறும் வேளையில் நாற்காலி பின்னால் நழுவ, அவர் இரண்டுக்கும் இடையே தரையில் விழுந்துவிட்டார். "ஒரு பக்கத்து பிரேக்கைப் போட்டிருந்தேன், டாக்டர்" என்று அவருடைய மகள் கண் கலங்கினார். அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு அனுப்பிய நாளில் மருந்துகளைப் பற்றி விரிவாகச் சொன்ன நாங்கள், நாற்காலியைப் பற்றி அவசரமாகவே சொல்லியிருந்தோம். அக்குறையை நிறைவுசெய்யவே இக்கட்டுரை.

நாற்காலியைத் தள்ளும்போது எல்லோரும் கவனமாகவே இருக்கிறோம். அது நின்ற பிறகுதான் கவனம் தளர்கிறது. ஏறுவதும் இறங்குவதும் அப்போதுதான் நிகழ்கின்றன என்பதை மறவாதீர்கள்.

ஏறும்போதும் இறங்கும்போதும்

நாற்காலியைக் கட்டிலுக்கு அருகில் சற்றே சாய்வாக நிறுத்துங்கள். பக்கவாதம் உற்றவராயின், அவருடைய வலுவுள்ள பக்கம் கட்டிலை ஒட்டி இருக்கட்டும். இரு பக்கத்து பிரேக்குகளையும் போட்டபின், நாற்காலியை ஒருமுறை அசைத்துப் பாருங்கள். பெரும்பாலான நாற்காலிகளில் பிரேக் என்பது டயரை அழுத்திப் பிடிக்கும் ஓர் இரும்புக் கட்டையே. டயரில் காற்றுக் குறைந்தால் அந்தப் பிடியும் தளரும். ஆகவே வாரம் ஒருமுறை காற்றைச் சோதிப்பது நன்று.

அடுத்து, கால்தாங்கிகளை மேலே மடக்கிவிடுங்கள். அவற்றின்மீது மிதித்து எழுந்தால் நாற்காலி முன்புறமாகக் கவிழும். நோயாளி இருக்கையின் முன் விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களைத் தரையில் நன்கு பதித்த பின்னரே எழ வேண்டும். உதவுவோர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கலாகாது. பலம் குன்றிய தோள்மூட்டு அதனால் விலகக்கூடும். இடுப்பைச் சுற்றிப் பிடிப்பதே முறை.

சாய்தளமும் படியும்

வீட்டு வாசலில் சாய்தளம் அமைப்போர், ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கைக் கைக்கொள்க. செங்குத்தான சாய்வில் இறங்கும்போது, நாற்காலியின் முகம் மேட்டை நோக்கியிருக்க, தள்ளுபவர் பின்புறமாக மெல்ல இறங்க வேண்டும். பின் கைப்பிடிகளில் கனமான பைகளை மாட்டாதீர்கள்; நாற்காலி மல்லாந்து விழ அதுவே காரணமாகலாம். படிகளில் தூக்க நேர்ந்தால் குறைந்தது இருவர் வேண்டும். கழன்று வரக்கூடிய கைதாங்கிகளையோ கால்தாங்கிகளையோ பிடிக்காமல், அசையாத சட்டத்தையே பிடிக்க வேண்டும்.

புறப்படுமுன் சேலைத் தலைப்பு, துப்பட்டா, வேட்டி நுனி, சிறுநீர்ப் பையின் குழாய் ஆகியவை சக்கரத்தருகே தொங்குகின்றனவா என்று ஒருமுறை பாருங்கள்.

வாகனத்தில் செல்லும்போது

காரில் நோயாளியைக் கார் இருக்கைக்கே மாற்றி, சீட் பெல்ட் அணிவியுங்கள். முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளினால் இடம் தாராளமாகக் கிடைக்கும். முதலில் உட்கார வைத்து, தலை இடிக்காமல் கைகொடுத்து, பிறகு கால்களை உள்ளே எடுத்து வையுங்கள். வேனில் நாற்காலியோடு ஏற்றிச் செல்வதைக் கூடியவரை தவிர்க்கவும். ஓடும் வண்டி திடீரென நின்றால் நாற்காலியின் பிரேக் தாங்காது. நாற்காலியை நான்கு முனைகளிலும் தரையோடு பிணைத்து, நோயாளிக்குத் தனி பெல்ட் அணிவிக்கும் வசதியுள்ள வண்டிக்கே அது பொருந்தும்.

நாற்காலியை மடக்க, முதலில் மெத்தையை எடுத்துவிட்டுக் கால்தாங்கிகளை உயர்த்துங்கள். பிறகு இருக்கைத் துணியை நடுவில் பிடித்து மேலே இழுங்கள். விரிக்கும்போது உள்ளங்கையால் அழுத்துங்கள். சட்டத்தை விரல்களால் சுற்றிப் பிடித்தால் நசுங்கும். இரும்பு நாற்காலிகள் பெரும்பாலும் 15 கிலோவுக்கு மேல் எடையுள்ளவை. கழற்றக்கூடியவற்றைக் கழற்றி, முழங்காலை மடக்கி, உடலோடு அணைத்துத் தூக்குங்கள். ஆட்டோவில் வெளியே நீட்டியபடி கையால் பிடித்துச் செல்லவேண்டாம்.

உணர்ச்சியற்ற தோல்

தண்டுவடக் காயமுற்றோர்க்கு இரண்டு எச்சரிக்கைகள். வெயிலில் நின்ற நாற்காலியில் உட்காருமுன் உதவியாளர் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடு உறைக்காத தோலில் கொப்புளம் தோன்றியபின்தான் தெரியவரும். நெடும்பயணத்திலும் மெத்தையின்றி உட்காரலாகாது; 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை முன்னோ பக்கவாட்டிலோ சாய்ந்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். படுக்கைப்புண் நாற்காலியிலும் வரும்.

அறுவைச் சிகிச்சைக்குப் பின் அப்பெரியவர் மீண்டும் வீடு திரும்பினார். அதற்குமுன் மூன்று நாட்கள் அவருடைய மகள் எங்கள் பயிற்சிக் கூடத்துக்கு வந்து, பிரேக் முதல் கட்டில்வரை ஒவ்வொன்றையும் தம் கையால் செய்து காட்டினார். நீங்களும் வீட்டுக்குப் புறப்படுமுன், "நான் செய்கிறேன், சரியா என்று பாருங்கள்" என்று இயன்முறை மருத்துவரிடம் கேளுங்கள். அவ்வாறு கேட்பது உங்கள் உரிமை.