முதல் ஸ்கூபா: மூச்சை ஏன் அடக்கக் கூடாது?

தா.பழூர்ப் பக்கத்திலிருந்து விடுமுறைக்குப் புதுச்சேரி போனால், அங்கே முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு, பயிற்சியாளர் துணையோடு கடலுக்குள்ளும் இறங்கிப் பார்க்கலாம்; இதுதான் ஸ்கூபா. இரண்டு மூன்று மீட்டரிலேயே காது வலிக்கத் தொடங்கும். ஏன்? தண்ணீரின் அழுத்தத்தில் செவிப்பறை உள்நோக்கி வளைகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு மூக்கு வழியாகவே மெல்ல ஊதினால், தொண்டையையும் காதையும் இணைக்கும் குழாய் திறந்து அழுத்தம் சமமாகும். வலி வருவதற்கு முன்பே ஊதிவிடுங்கள். சளி பிடித்திருந்தால் குழாய் திறக்காது. அன்று இறங்கவே வேண்டாம்.

இதைவிட முக்கியமானது மூச்சை அடக்காமல் இருப்பது. கொள்ளிடத்தில் மூச்சடக்கி முங்கிப் பழகியவர்களுக்குத்தான் இது சிரமம். ஆற்றில் முங்குபவர் கரையில் இழுத்த காற்றோடு இறங்கி அதே காற்றோடு ஏறுகிறார். சுருங்கிய காற்று பழைய அளவுக்குத் திரும்பும், அவ்வளவுதான். ஸ்கூபாவில் ஆழத்திலேயே, அங்குள்ள அழுத்தத்திலேயே காற்றை இழுக்கிறோம். 10 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்து, அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும், நுரையீரல் கிழிந்துவிடலாம். அதனால்தான் பயிற்சியாளர் முதலில் சொல்வது, மூச்சை நிறுத்தாமல் விட்டுக்கொண்டே இருங்கள் என்பது.

பயமாக இருந்தால் கட்டைவிரலை உயர்த்துங்கள். கடலுக்குள் அதற்கு ‘மேலே போகலாம்’ என்று பொருள்.