பொது சுகாதாரம் படிக்க டாக்டராக வேண்டியதில்லை

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு முதல் கூட்டம் வருவதற்கு முன்பே பொது சுகாதாரம் அங்கே வேலையைத் தொடங்கிவிடுகிறது. நடைமேடையைக் கூட்டுபவர்கள், கழிப்பறையைக் கழுவுபவர்கள், சாக்கடை அடைப்பை எடுப்பவர்கள். அவர்களில் பெரும்பாலோர் எந்தத் தெருக்களிலிருந்து வருகிறார்கள் என்பதை மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயரை 2020-ல் அரசு 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றியது. அதற்குப் பிறகும், 2022 ஜனவரியில், பழங்காநத்தம் நேரு நகர் கழிவுநீரேற்று நிலையத்தில் மூன்று தொழிலாளர்கள் நச்சு வாயு தாக்கி இறந்தார்கள்.

இந்தத் துறையின் கீழ்ப்படியில் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக நிற்கிறார்கள். எந்த ஊரில் எந்த நோய், ஏன் வருகிறது என்று கணக்கெடுத்து, எதற்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்று எழுதும் மேல்படியில் நம்மவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அந்த மேல்படிக்குப் போகும் வழிகளில் ஒன்று எம்.பி.எச். எனப்படும் முதுநிலைப் பொது சுகாதாரப் படிப்பு. நீட்டில் மதிப்பெண் வரவில்லை என்றதும் மருத்துவத் துறையின் கதவே மூடிவிட்டது என்று நினைக்கும் பிள்ளைகள் நம் கிராமங்களில் ஏராளம். இந்தப் படிப்புக்கு எம்.பி.பி.எஸ். கட்டாயமில்லாத நிறுவனங்கள் இருக்கின்றன என்பது அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

அப்படி என்ன படிக்கிறார்கள்? டாக்டர் நோயாளியைப் பார்க்கிறார். பொது சுகாதாரம் படித்தவர் தெருவைப் பார்க்கிறார். 1854-ல் லண்டன் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்தார். சாவுகள் ஒரு தெருக்குழாயைச் சுற்றியே குவிந்திருந்தன. அந்தக் குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. உலகம் முழுவதும் வகுப்பில் சொல்லப்படும் கதை இது.

நமக்கு லண்டன் வரை போக வேண்டியதில்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு அடுத்தடுத்து உடம்பு சரியில்லாமல் போனது. குடிக்கும் தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தபோது உள்ளே மனித மலம் கிடந்தது. யார் செய்தது என்பது வழக்குக்குரிய விஷயம். ஆனால் அந்தத் தெருவின் தண்ணீர் ஏன் தனியாக வந்தது, அதை ஏன் யாரும் கண்காணிக்கவில்லை என்பவை சுகாதாரக் கேள்விகள். அவற்றைக் கேட்கத் தெரிந்த ஒருவர் அந்த மாவட்ட அலுவலகத்தில் இருந்தால் வரும் அறிக்கை வேறு மாதிரி இருக்கும்.

ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கமித்ரா ஆச்சார்யா, குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளுக்குச் சிகிச்சை எப்படிக் கிடைக்கிறது என்று ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டார். மருந்து கொடுக்கும்போதே கை படாமல் விலகுவது அந்த ஆய்வில் பதிவானது. தீண்டாமையை ஓர் ஆய்வு இப்படி அளந்து காட்டிவிட்டால் 'இப்பல்லாம் யாரு பாக்குறா' என்று தட்டிக்கழிக்க முடியாது. ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018 அறிக்கையும் அந்த வகைதான். இந்தியாவில் இறக்கும் தலித் பெண்களின் சராசரி வயது, உயர்சாதிப் பெண்களின் வயதைவிட 14.6 ஆண்டுகள் குறைவு என்றது அது.

இந்தியாவில் எம்.பி.எச். படிப்பு 1997-ல் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையத்தில் தொடங்கியது. மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம், டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம், புதுச்சேரி ஜிப்மர், சென்னையிலுள்ள தேசிய நோய்த்தொற்றியல் நிறுவனம் ஆகியவற்றிலும் உண்டு. பொதுவாக இரண்டு ஆண்டுகள். சேர்க்கைத் தகுதி இடத்துக்கு இடம் மாறும். சில இடங்கள் மருத்துவப் பட்டதாரிகளையே விரும்பும், சில இடங்களில் பி.ஏ., பி.எஸ்சி. போதும். கையேட்டை வரி விடாமல் படியுங்கள். விலங்கியல் படித்தவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது: புதுச்சேரி நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் பொது சுகாதாரப் பூச்சியியலில் எம்.எஸ்சி. நடத்துகிறது. அந்த மையத்தின் கிளை மதுரை சின்னச்சொக்கிகுளத்திலேயே இருக்கிறது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கொசுக்களைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்த இடம். ஆரப்பாளையத்தில் திண்டுக்கல் பஸ் ஏறினால், டாக்டர் சௌந்தரம் 1964-ல் தொடங்கிய காந்திகிராம ஊரக சுகாதார, குடும்பநல நிறுவனத்துக்குப் போய்விடலாம். முதுநிலைக்குப் போகும் முன் இந்தத் துறை எப்படி இருக்கும் என்று நேரில் பார்த்து வரலாம்.

பணம்தான் பெரிய தடை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. வெளிமாநிலத்தில் படித்தாலும் சொந்த மாநிலம் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் தொகை தாமதமாக வரும், அதுவரை விடுதிக் கட்டணத்தை யார் கட்டுவது? 2018 பிப்ரவரியில் டாடா நிறுவன மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்துப் போராடியது இந்தக் கட்டணப் பிரச்சினைக்காகத்தான். வெளிநாட்டில் படிக்க மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது: 35 வயதுக்குள், 60 சதவீத மதிப்பெண், வருமான வரம்பு 8 லட்சம், நாடு முழுவதற்கும் 125 இடங்கள். இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு 2022 முதல் இதில் இடமில்லை. ஆக, சாதியையும் நோயையும் சேர்த்து ஆராய நினைப்பவர்கள் விண்ணப்பத்தின் சொற்களில் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது. வேடிக்கைதான். மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தையும் பாருங்கள்.

வேலை பற்றி மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 1939-லேயே பொது சுகாதாரச் சட்டம் போட்ட மாகாணம் நம்முடையது. தனித் துறையும் உண்டு. ஆனால் அதன் சுகாதார அலுவலர் பதவிகளுக்கு எம்.பி.பி.எஸ். வேண்டும். மற்றவர்களுக்குக் கிடைப்பது ஆய்வு நிறுவனங்கள், தேசிய சுகாதார இயக்கம், காசநோய்த் திட்டம், தொண்டு நிறுவனங்கள் போன்றவற்றில், பெரும்பாலும் ஒப்பந்த வேலை. ஒப்பந்தத்தில் இடஒதுக்கீடு எந்த அளவுக்கு நடைமுறையாகிறது என்பது தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு முதல் பருவத்தில் ஆங்கிலமும் புள்ளியியலும் சேர்ந்தே மிரட்டும். பயப்படாதீர்கள் என்று சொல்வது எளிது. பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தின் நிகழ்தகவு, சராசரிப் பாடங்களைச் சேர்வதற்கு முன்பே ஒருமுறை புரட்டிவிட்டுப் போவது அதைவிடப் பயன்படும்.

டாடா நிறுவனத்துக்கும் டெல்லிக்கும் கியூட் முதுநிலைத் தேர்வு வழியாகச் சேர்க்கை. அறிவிப்பு வழக்கமாக டிசம்பர், ஜனவரியில் வரும். சாதிச் சான்றிதழில் உள்ள பெயரும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று அதற்குள் பார்த்துக்கொள்ளுங்கள். வருமானச் சான்றிதழ் பழையது என்றால் இ-சேவை மையத்தில் புதிதாக விண்ணப்பித்துவிடுங்கள்.