மழையில் உதைத்த பந்து



ஐப்பசி பிறந்துவிட்டால் சென்னையில் கால்பந்து ஆடும் பிள்ளைகளுக்கு ஒரு கவலையும் கூடவே பிறந்துவிடுகிறது. மாலையில் பள்ளி விடும் நேரம் பார்த்துக் கிழக்கே கடல் பக்கம் வானம் கறுக்கும். ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு மழை ஓயும். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்றைக்கு ஆடலாமா, கூடாதா?" என்று கேட்டபடி வாசலில் நிற்பீர்கள்.

இரண்டு தோழர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் மயிலாப்பூரை அடுத்த சாந்தோமில் கடற்கரை ஓரமாக இருக்கிறான். மற்றவன் தியாகராய நகரில் இருக்கிறான். இருவர் வீட்டிலும் பெய்தது ஒரே மழைதான். மழை நின்று அரை மணிக்குள் முதலாமவன் மணலில் பந்தை உதைக்கத் தொடங்கிவிடுகிறான். இரண்டாமவனோ மறுநாள் மாலையிலும் மைதானத்தில் குளத்தைத்தான் பார்க்கிறான். இது ஏன்?

விடை வானத்தில் இல்லை, காலுக்கு அடியில் இருக்கிறது. மழையில் ஆடலாமா என்பதைத் தீர்மானிப்பது பெய்த நீரைவிட, தரையில் தங்கிய நீர்தான்.

மணலும் களிமண்ணும்

முதலில் ஒரு சிறு கணக்குப் போடுவோம். பன்னாட்டுப் போட்டிகளுக்கு உரிய கால்பந்து மைதானம் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உடையது. பரப்பு 7,140 சதுர மீட்டர். அதில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 71,400 லிட்டர் நீர் விழுகிறது. 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் ஆறு வந்து கொட்டியதற்குச் சமம் இது! சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவக்காற்றினால் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் பெய்துவிடுகிறது. இவ்வளவு நீரும் எங்கே போகும்?

மணல் துகள்கள் பெரியவை. அவற்றுக்கு இடையே உள்ள இடைவெளிகளும் பெரியவை. ஆகவே நீர் தன் எடையினாலேயே விரைவாகக் கீழே இறங்கிவிடுகிறது. களிமண் துகளோ 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. களிமண்ணிலும் இடைவெளிகள் ஏராளமாக உண்டு. ஆனால் அவை மிக மிக நுண்ணியவை. அவற்றில் புகுந்த நீர் துகள்களைப் பற்றிக்கொண்டு நகர மறுக்கிறது. கோடையில் வெடித்துக் கிடக்கும் களிமண் தரை, முதல் மழையை அந்த வெடிப்புகளின் வழியே குடிக்கும். பிறகு களிமண் ஊதிப் பெருக்கும், வெடிப்புகள் மூடிக்கொள்ளும். அடுத்த மழை மேலேயே நிற்கும்.

சென்னையில் சாந்தோம், அடையாறு, திருவான்மியூர் முதலிய கடலோரப் பகுதிகளில் மணற்பாங்கான நிலம் மிகுதி. தியாகராய நகர், மேற்கு மாம்பலம் முதலிய பகுதிகளில் களிமண் மிகுதி. தியாகராய நகருக்கு இன்னொரு கதையும் உண்டு. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை ஒரு காலத்தில் நீண்ட ஏரி ஒன்று கிடந்தது. 1920களில் அந்த ஏரியின் படுகையைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை அமைத்தார்கள். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்னும் பெயர் இன்றும் இருக்கிறது. ஆனால் அங்கே நின்று பார்க்க ஏரிதான் இல்லை! ஏரிப் படுகை என்பது தாழ்ந்த இடம். நீர் கொண்டுவந்து படியவிட்ட நுண்மண் சேர்ந்த இடம். அங்கே மழைநீர் தங்குவதில் வியப்பில்லை.

நீங்களே செய்து பாருங்கள்

மைதானங்களில் வெளியிலிருந்து மண் கொண்டுவந்து கொட்டுவதும் உண்டு. ஆகவே ஊரின் பெயரை வைத்து மட்டும் முடிவு செய்யாமல், உங்கள் மைதானத்து மண்ணைச் சோதித்துப் பாருங்கள். கைப்பிடி மண்ணை ஈரமாக்கி, உள்ளங்கைகளுக்கு இடையே உருட்டுங்கள். முறுக்குப் போல நீளமாகத் திரண்டு வந்தால் அதில் களி மிகுதி. உதிர்ந்துபோனால் மணல் மிகுதி.

இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்களின் அடிப்பாகத்தை வெட்டி நீக்குங்கள். வாயில் துணியைக் கட்டித் தலைகீழாக நிறுத்துங்கள். ஒன்றில் கடற்கரை மணலையும், மற்றதில் பிள்ளையார் செய்யும் களிமண்ணையும் பாதி உயரத்துக்கு நிரப்புங்கள். இரண்டிலும் ஒவ்வொரு தம்ளர் நீர் ஊற்றி, கீழே சொட்டும் நீரைக் கவனியுங்கள். சாந்தோம் தோழனும் தியாகராய நகர்த் தோழனும் உங்கள் மேசை மீதே தெரிவார்கள்.

ஈரத்தில் பந்து விரைவது ஏன்?

இனி பந்துக்கு வருவோம். தரையை ஒட்டி வேகமாக உதைத்த பந்து, தொடக்கத்தில் உருளுவதில்லை, சறுக்குகிறது. தரையின் உராய்வு அதன் வேகத்தைக் குறைத்துக்கொண்டே அதைச் சுழலவும் வைக்கிறது. சிறிது தூரம் சென்றபின் சறுக்கல் நின்று உருளல் தொடங்குகிறது. உள்ளே வெறும் காற்று மட்டுமே உள்ள பந்துக்கு, உருளல் தொடங்கும்போது இருக்கும் வேகம் தொடக்க வேகத்தில் ஐந்தில் மூன்று பங்கு என்று கணக்கிட்டுக் காட்டலாம். அதாவது வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் சறுக்கத் தொடங்கிய பந்து, 6 மீட்டர் வேகத்துக்குக் குறைந்ததும் உருளத் தொடங்கும்.

காய்ந்த தரையின் உராய்வு எண் 0.5 என்றும், ஈரத் தரையில் அது பாதியாகக் குறைந்து 0.25 ஆகிறது என்றும் வைத்துக்கொள்வோம். காய்ந்த தரையில் பந்து ஏறத்தாழ 6.5 மீட்டர் தூரம் சறுக்கியதுமே உருளத் தொடங்கிவிடும். ஈரத் தரையில் அதற்கு ஏறத்தாழ 13 மீட்டர் வேண்டும். ஆகவே 6.5 மீட்டர் தள்ளி நிற்கும் உங்கள் தோழனிடம், காய்ந்த நாளில் வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் போய்ச் சேரும் பந்து, ஈர நாளில் 8 மீட்டருக்கும் மேலான வேகத்தில் போய்ச் சேரும். உதைத்தது ஒரே உதைதான்! கோல்கீப்பர் முன்னால் குத்தி எழும் பந்து, எதிர்பார்த்ததைவிட விரைவாகவும் தாழ்வாகவும் பாய்வதற்கும் இந்த உராய்வுக் குறைவே காரணம். மழை நாளில் தேர்ந்த ஆட்டக்காரர்கள் தரையோடு தரையாகப் பந்தை அடித்துக் கோலுக்கு முயல்வதன் இரகசியம் இதுதான்.

ஆனால் நீர் இன்னும் கொஞ்சம் கூடிவிட்டால் கதை தலைகீழாகிறது. தேங்கிய நீரில் செல்லும் பந்து, தனக்கு முன்னால் உள்ள நீரை ஒதுக்கித் தள்ளிக்கொண்டே போக வேண்டும். அதிலேயே அதன் ஆற்றல் தீர்ந்துவிடுகிறது. குட்டையில் விழுந்த பந்து 'தொப்'பென்று நின்றுவிடுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மெல்லிய ஈரம் பந்தை ஓடவைக்கிறது, தேங்கிய நீர் அதை நிறுத்துகிறது.

உலகக் கோப்பையிலும் இது நடந்திருக்கிறது. 1974ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள், பிராங்பர்ட் நகரில் மேற்கு ஜெர்மனியும் போலந்தும் மோதின. ஆட்டத்துக்கு முன் பெய்த பெருமழையில் மைதானம் குளமாயிற்று. தீயணைப்புப் படையினர் வந்து நீரை இறைத்தார்கள். ஆட்டம் தாமதமாகத் தொடங்கியது. போலந்தின் பலம் அதன் விரைவான ஓரத்து ஆட்டக்காரர்கள். ஓட வேண்டிய பந்து குட்டைகளில் நின்றுவிட்டால் விரைவாக ஓடுகிறவருக்கு என்ன பயன்? கெர்ட் முல்லர் அடித்த ஒரே கோலில் மேற்கு ஜெர்மனி வென்று இறுதி ஆட்டத்துக்குச் சென்றது. ஜெர்மனியில் அதை 'நீர்ப் போர்' என்றே இன்றும் குறிப்பிடுகிறார்கள்.

காலும் பந்தும்

உராய்வு குறைந்தால் பந்துக்கு வேகம், நமக்கோ வழுக்கல். நாம் நடப்பதும் நிற்பதும் திரும்புவதும் தரையின் உராய்வை நம்பித்தான். ஆகவேதான் கால்பந்து பூட்ஸின் அடியில் 'ஸ்டட்' எனப்படும் குமிழ்கள் இருக்கின்றன. அவை மண்ணுக்குள் புதைந்து, மண்ணையே பிடிமானமாகக் கொள்கின்றன. ஈரத்தில் மேல்மண் இளகிவிடுவதால், கெட்டியான மண்ணைத் தொட நீண்ட குமிழ்கள் தேவை. 1954ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் பெர்ன் நகரில் கொட்டும் மழையில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நடந்தது. மேற்கு ஜெர்மனி வீரர்களின் பூட்ஸில் தேவைக்கேற்ப மாற்றித் திருகிக்கொள்ளும் குமிழ்கள் இருந்தன. முதல் சுற்றில் தங்களை 8-3 என்று தோற்கடித்த ஹங்கேரியை அவர்கள் அன்று 3-2 என்று வென்றார்கள். வெற்றிக்குக் குமிழ்கள் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் மழைக்கு ஏற்ற காலணியோடு அவர்கள் வந்திருந்தார்கள்.

நம் நாட்டில் பலரும் வெறுங்காலுடன் ஆடிப் பழகியவர்கள். 1911ஆம் ஆண்டு கல்கத்தாவில் ஐ.எப்.ஏ. கேடயத்தை வென்ற மோகன் பகான் அணியில் பூட்ஸ் அணிந்தவர் ஒரே ஒருவர்தான். காய்ந்த தரையில் விரல்கள் நன்றாகப் பிடிக்கும். சேற்றிலோ வழவழப்பான பாதத்துக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. ஆகவே வெறுங்காலுடன் ஆடுகிறவர்கள் ஈரத்தில் குறுகிய அடிகளாக வைத்து ஓடவேண்டும். முழு ஓட்டத்தில் சட்டென்று திரும்பக் கூடாது.

பந்தும் நீர் குடிக்கும். விதிப்படி ஆட்டத் தொடக்கத்தில் பந்தின் எடை 410 முதல் 450 கிராம் வரை இருக்க வேண்டும். பழைய தோல் பந்துகள் மழையில் நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். அவற்றைத் தலையால் முட்டுவது பெரும் வேதனை. முழுவதும் செயற்கைப் பொருளால் ஆன பந்து உலகக் கோப்பைக்கு வந்தது 1986ஆம் ஆண்டில்தான். உங்கள் பந்தின் மேலுறை உரிந்து, தையல் விட்டிருந்தால் அதுவும் தோல் பந்தைப் போலவே கனக்கும். நனையும் முன்னும் நனைந்த பின்னும் மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள்.

மைதானம் வயலாகும் கதை

"சேறாக இருந்தால் என்ன? விழுந்து புரண்டு ஆடுவதில்தானே இன்பம்!" என்று நீங்கள் சொல்லலாம். இன்பம்தான். ஆனால் நெல் பயிரிடும் உழவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். வயலில் நீர் கட்டி, சேறாகும்படி உழுது மிதிக்கிறார். ஏன் தெரியுமா? குழைந்த மண்ணில் இடைவெளிகள் அடைபட்டு, நீர் கீழே இறங்காமல் வயலிலேயே நிற்கும் என்பதற்காகத்தான். அவர் தெரிந்து செய்வதை, ஈரக் களிமண் மைதானத்தில் இருபத்திரண்டு பேர் தெரியாமலே செய்துவிடுகிறார்கள்! புல்லின் வேர் அறுகிறது, மண் இறுகுகிறது, அடுத்த மழையில் குட்டை இன்னும் பெரிதாகிறது. ஒரு மாலை ஆடிய ஆட்டத்துக்கு, அந்தப் பருவம் முழுவதும் விலை கொடுக்க நேரிடும். களிமண் மைதானமானால் ஒரு நாள் பொறுத்திருப்பதே இலாபம்.

பெரிய அணிகளும் பொறுக்கத்தான் வேண்டியிருக்கிறது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில், தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டிச் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. சென்னையில் நடக்கவிருந்த சென்னையின் எப்.சி. அணியின் அரையிறுதி ஆட்டம் புனே நகருக்கு மாற்றப்பட்டது. அந்த ஆண்டு கோப்பையை வென்றதும் அதே அணிதான்!

எப்போது ஆடலாம்?

நடுவர்கள் செய்வதைப் போலவே நீங்களும் செய்யுங்கள். தோள் உயரத்திலிருந்து மைதானத்தில் ஐந்தாறு இடங்களில் பந்தைப் போட்டுப் பாருங்கள். எழும்புகிறதா? தரையில் உருட்டிப் பாருங்கள். நின்றுவிடாமல் ஓடுகிறதா? குதிகாலால் அழுத்துங்கள். குழியில் நீர் ஊறுகிறதா? எழும்பி, ஓடி, நீர் ஊறாவிட்டால் ஆடலாம்.

ஆனால் எத்தனை நல்ல மைதானமானாலும் மூன்று நேரங்களில் ஆடவே கூடாது.

முதலாவது, இடி கேட்கும்போது. ஒலி 1 கிலோமீட்டர் செல்ல ஏறத்தாழ 3 வினாடி ஆகும். மின்னலைக் கண்டு 30 வினாடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. வெட்டவெளியில் நிற்பவர்களுக்கு அது ஆபத்து. மரத்தடிக்கோ கோல் கம்பத்துக்கோ ஓடாதீர்கள். கட்டடத்துக்குள் செல்லுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே திரும்பி வாருங்கள்.

இரண்டாவது, மின்கம்பமோ விளக்குக் கம்பமோ தேங்கிய நீரில் நிற்கும்போது. மின்கசிவு கண்ணுக்குத் தெரியாது.

மூன்றாவது, காலில் காயம் இருந்து மைதானத்தில் அழுக்கு நீர் தேங்கியிருக்கும்போது. எலிகளின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து எலிக்காய்ச்சல் கிருமி, காயத்தின் வழியே உடலுக்குள் புகும். காயம் இல்லாதவர்களும் ஆட்டம் முடிந்ததும் சோப்புப் போட்டுக் கால்களைக் கழுவ வேண்டும்.

அடுத்த மழை ஓய்ந்ததும் மைதானத்துக்குப் போங்கள். போனதும் பந்தை உதைத்துவிடாதீர்கள். முதலில் கீழே போட்டுப் பாருங்கள். ஆடலாமா, கூடாதா என்பதை உங்கள் மைதானமே சொல்லிவிடும்.