இளைஞர் அணியும் ரசிகர் வழக்கும்: டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் – ஒரு நோக்கு

முன்னுரை

விளையாட்டு ஆடுவோர்க்கு மட்டும் உரியதன்று, காண்போர்க்கும் உரியது. களத்தில் ஆட்டம் முடிந்த பின்னும் காண்போர் நாவில் அது முடிவதில்லை. வென்ற அணியைப் பற்றிய பேச்சு சில நாள்களில் ஓய்ந்துவிடும். தோற்றுக்கொண்டே இருக்கும் அணியைப் பற்றிய பேச்சோ ஆண்டுக்கணக்கில் நீளும். அவ்வணி பெரிதும் இளைஞர்களால் ஆனதாயின், பேச்சு வழக்காகவே மாறிவிடுகிறது. 'இவர்கள் இன்னும் கனியாதவர்களா, அன்றி என்றுமே கனியாதவர்களா?' என்பதே அவ்வழக்கின் மையம். பத்தொன்பது, இருபது வயதினரைப் பற்றி இவ்வளவு விரைவாகத் தீர்ப்பு வழங்கலாமா என்பது விளையாட்டரங்கோடு நின்றுவிடும் வினாவன்று. அமெரிக்க நாட்டின் தொழில்முறைக் கூடைப்பந்து அணிகளுள் ஒன்றாகிய டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியின் அண்மைக்கால வரலாற்றைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அணியின் பின்புலம்

பிஸ்டன்ஸ் என்னும் பெயர் எந்திர உறுப்பு ஒன்றைக் குறிப்பது. இந்தியானா மாநிலத்து ஃபோர்ட் வெயின் நகரில் பிஸ்டன் செய்யும் தொழிற்சாலை நடத்திய ஃபிரெட் சோல்னர் என்பவர் 1941இல் இவ்வணியைத் தோற்றுவித்தார். 1957இல் அணி டெட்ராய்ட் நகருக்குக் குடிபெயர்ந்தது. மோட்டார் வாகனத் தொழிலால் உலகறிந்த அந்நகருக்குப் பெயர் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. என்.பி.ஏ. என்று சுருக்கி வழங்கப்பெறும் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் வாகையர் பட்டத்தை இவ்வணி 1989, 1990, 2004 ஆகிய ஆண்டுகளில் வென்றது. இத்தகைய பழம்பெருமை உடைய அணிதான் அண்மையில் தோல்வியின் அடிமட்டத்தைக் கண்டது.

2020ஆம் ஆண்டு டிராய் வீவர் பொது மேலாளராகப் பொறுப்பேற்று, அணியை இளைஞர்களைக் கொண்டு புதிதாகக் கட்டத் தொடங்கினார். அடுத்த நான்கு பருவங்களில் அணி பெற்ற வெற்றிகள் முறையே 20, 23, 17, 14 ஆகும். மொத்தம் 318 ஆட்டங்களில் 74 வெற்றி, 244 தோல்வி. இக்கணக்கே ரசிகர் வழக்கிற்கு அடிப்படையாயிற்று.

புதுவீரர் தேர்வு முறை

வழக்கின் தன்மையை உணர, அந்நாட்டுப் புதுவீரர் தேர்வு முறையை முதற்கண் அறிந்துகொள்ள வேண்டும். ஆண்டுதோறும் கல்லூரிகளிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வரும் இளைஞர்களை அணிகள் வரிசை முறையில் தேர்ந்தெடுக்கின்றன. வலிமை குன்றிய அணி முதலில் தேர்ந்தெடுத்தால் அணிகளிடையே சமநிலை உண்டாகும் என்பது இம்முறையின் கருத்து. ஆயின், முதலிடம் பெறுவதற்காகவே தோற்க விரும்பும் மனநிலை வளரலாம் என்பதால், 1985 முதல் குலுக்கல் முறை புகுத்தப்பெற்றது. 2019ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின், மிகக் குறைந்த வெற்றி பெற்ற மூன்று அணிகளுக்கும் முதலிடம் கிட்டும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினான்கு என்று சமமாக்கப்பட்டது. குலுக்கலில் முதல் நான்கு இடங்களே முடிவு செய்யப்பெறுவதால், கடைசி இடத்து அணி ஐந்தாம் இடம் வரை கீழிறங்கக்கூடும்.

டெட்ராய்ட் அணிக்கு நேர்ந்தது இதுவே. 2021இல் முதலிடம் கிட்டியது. கேட் கன்னிங்ஹாம் வந்தார். 2023இலும் 2024இலும் அனைத்து அணிகளினும் குறைந்த வெற்றி பெற்றிருந்தும், இரு முறையும் ஐந்தாம் இடமே வாய்த்தது. தோற்பதும் பயன்தரும் என்று எண்ணித் தம்மைத் தேற்றிக்கொண்ட ரசிகர்க்கு அந்த ஆறுதலும் இல்லாமற் போயிற்று.

மற்றொரு விதியும் கருதத்தக்கது. முதற்சுற்றில் தேர்ந்தெடுக்கப்பெறும் இளைஞரின் முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டுகள் வரை நீளக்கூடியது. அதில் முதல் இரண்டு ஆண்டுகளே உறுதியானவை. பின்னிரண்டு ஆண்டுகளும் அணியின் விருப்பத்திற்கு உட்பட்டவை. ஆகவே, ஓர் இளைஞர் தேறுவாரா தேறமாட்டாரா என்பதை அவர் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதை எட்டுவதற்குள் அணி முடிவு செய்தாக வேண்டியுள்ளது. ரசிகரின் பொறுமையின்மைக்கு இக்கால வரையறையும் ஒரு காரணம் எனலாம்.

இருபத்தெட்டுத் தோல்விகள்

2023–24 பருவத்தில் அணி முதல் மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்றது. அதன்பின் அக்டோபர் 30 முதல் தொடர்ந்து 28 ஆட்டங்களில் தோற்றது. ஒரே பருவத்தில் தொடர்ந்து 26 தோல்விகள் என்பதே அதுவரை இருந்த எல்லை. டிசம்பர் 26 அன்று இருபத்தேழாம் தோல்வியால் அவ்வெல்லை கடக்கப்பட்டது. அன்று கன்னிங்ஹாம் தனியொருவராக 41 புள்ளிகள் எடுத்திருந்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. டிசம்பர் 28 அன்று பாஸ்டன் நகரில் கூடுதல் நேரம் வரை போராடியும் தோல்வியே மிஞ்சியது. டிசம்பர் 30 அன்று டொராண்டோ அணியை 129–127 எனக் கடந்த பிறகே அத்தொடர் அறுந்தது. பருவத்தின் முடிவில் 14 வெற்றிகளும் 68 தோல்விகளும் கணக்காயின. அணியை விற்றுவிடுமாறு உரிமையாளரை நோக்கி ரசிகர்கள் தம் சொந்த அரங்கிலேயே முழக்கமிட்டதும் அப்பருவத்தில்தான்.

மூன்று கட்சியினர்

இக்காலத்து ரசிகர்களின் கருத்துகளைத் தொகுத்து நோக்கின், அவர்களை மூன்று கட்சியினராகப் பகுக்கலாம்.

முதற் கட்சியினர் பொறுமை வேண்டுவோர். 1981இல் ஐசையா தாமஸ் இருபது வயதில் இவ்வணிக்கு வந்தார். அவர் வருவதற்கு முந்திய இரு பருவங்களில் அணி பெற்ற வெற்றிகள் 16, 21 மட்டுமே. அவர் வந்த பின்னும் பட்டம் வெல்ல எட்டு ஆண்டுகள் ஆயின. ஆகவே காலம் கொடுக்க வேண்டும் என்பது இவர்தம் வாதம்.

இரண்டாம் கட்சியினர் இளைஞர்களுள் சிலரைக் கொடுத்தேனும் அனுபவம் வாய்ந்தோரைப் பெற வேண்டும் என்போர். ஒருவரையொருவர் பார்த்துக் கற்கும் இளைஞர்கள் பிழைகளையே கற்பர் என்பது இவர்தம் கருத்து.

மூன்றாம் கட்சியினர் தேர்ந்தெடுத்தோரையே குறை கூறுவோர். 2020இல் ஏழாம் இடத்தில் டெட்ராய்ட் அணி கில்லியன் ஹேய்ஸ் என்னும் பத்தொன்பது வயது இளைஞரைத் தேர்ந்தது. பன்னிரண்டாம் இடத்தில் சாக்ரமெண்டோ அணி டைரீஸ் ஹாலிபர்டனைத் தேர்ந்தது. ஹேய்ஸ் 2024 பிப்ரவரியில் அணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். ஹாலிபர்டனோ பிற்காலத்தில் இந்தியானா அணியை 2025ஆம் ஆண்டின் இறுதிப் போட்டி வரை அழைத்துச் சென்றார். விதை நன்றாக இல்லையெனில் எவ்வளவு நீர் பாய்ச்சியும் பயனில்லை என்பது இவர்தம் முடிவு.

அடுத்த ஆண்டு காட்டிய உண்மை

இவ்வழக்கிற்கு அரியதொரு விடையை 2024–25 பருவம் அளித்தது. 2024இல் மேலாளரும் பயிற்சியாளரும் மாறினர். டிராஜன் லாங்டன் அணியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார், ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப் பயிற்சியாளரானார். இளைஞர்களுள் கன்னிங்ஹாம், ஜேடன் ஐவி, ஜேலன் டியூரன், ஆசார் தாம்சன் ஆகிய முதன்மையானோர் அப்படியே இருந்தனர். அவர்களோடு டோபையாஸ் ஹாரிஸ், டிம் ஹார்டவே இளையவர், மாலிக் பீஸ்லி ஆகிய மூவர் சேர்க்கப்பெற்றனர். முன்னிருவரும் முப்பத்திரண்டு வயதினர். ஹாரிஸ் முன்னரே இவ்வணியில் ஆடியவர். மூவருள் எவரும் அக்காலத்தில் பெருநட்சத்திரமாக எண்ணப்பட்டவரல்லர்.

விளைவு யாது? வெற்றிகள் 14இலிருந்து 44ஆக உயர்ந்தன. 82 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் ஓர் அணி தன் முந்திய ஆண்டு வெற்றிகளை மும்மடங்காக்கியது என்.பி.ஏ. வரலாற்றிலேயே இதுவே முதன்முறை. 2025 ஏப்ரலில் பட்டத்திற்கான பின்சுற்றில் நியூயார்க் அணியை ஓர் ஆட்டத்தில் வென்று, 2008க்குப் பின் முதல் பின்சுற்று வெற்றியையும் டெட்ராய்ட் கண்டது. அத்தொடரை 4–2 என இழந்தபோதிலும், ரசிகர்கள் தலைநிமிர்ந்தே வீடு திரும்பினர்.

மாற்றத்தின் காரணங்கள்

ஈண்டு ஆட்டத்தின் நுட்பம் ஒன்றை விளக்குதல் வேண்டும். கூடைப்பந்தில் தொலைவிலிருந்து எறியவல்லோர் களத்தில் இல்லையெனில், எதிரணியினர் கூடையின் அருகிலேயே திரண்டு நிற்பர். பந்தைக் கொண்டு ஊடுருவும் வீரருக்கு வழி கிடைக்காது. 2023–24இல் கன்னிங்ஹாமின் நிலை பெரும்பாலும் இதுவே. திறன் இருந்தது, வழி இல்லை. அடுத்த பருவத்தில் பீஸ்லி மட்டும் 319 மூன்று புள்ளி எறிவுகளைக் கூடையிற் சேர்த்தார். அது அவ்வணியின் வரலாற்றில் ஒரு பருவத்திற்கான உச்சம். அவரைக் காவல் செய்ய எதிரணியினர் விலகி நிற்க நேர்ந்தது. விலகிய இடத்தில் இளைஞர்கள் புகுந்தனர்.

கன்னிங்ஹாமின் கணக்கை ஒப்பிடின் இவ்வுண்மை தெளிவாகும். தோல்விப் பருவத்தில் ஆட்டம் ஒன்றுக்குச் சராசரி 22.7 புள்ளிகள், வெற்றிப் பருவத்தில் 26.1. பிறர் புள்ளி எடுக்க உதவிய எறிவுகள் 7.5இலிருந்து 9.1 ஆயின. வளர்ச்சி உண்டு, ஆயின் மும்மடங்கு வளர்ச்சியன்று. மும்மடங்காகியது அணியின் வெற்றியே. முந்திய ஆண்டில் 'இவர் தலைமைக்குத் தகுதியானவரா?' என்று ஐயுறப்பட்ட இளைஞர் ஏறத்தாழ அதே திறனோடுதான் இருந்தார். மாறியது அவரைச் சூழ்ந்திருந்த அமைப்பு. பயிற்சியாளர் மாறியதும், இளைஞர்களுக்கு ஓர் அகவை கூடியதும், கன்னிங்ஹாம் காயமின்றிப் பெரும்பாலான ஆட்டங்களில் ஆடியதும் இம்மாற்றத்திற்குத் துணைநின்றன என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், 2025 சனவரி முதல் நாளில் ஐவி கால் எலும்பு முறிந்து விலகிய பின்னும் அணி தளரவில்லை என்பது அமைப்பின் உறுதியைப் புலப்படுத்தும்.

இதனை ஃபிலடெல்ஃபியா அணியின் வரலாற்றோடு இணைத்து நோக்கலாம். 2013 முதல் 2016 வரை மூன்று பருவங்களில் அவ்வணி 47 ஆட்டங்களில் வென்று 199இல் தோற்றது. உயர்ந்த தேர்விடங்களைப் பெறும் பொருட்டு, தேர்ந்த வீரர்களை விட்டுக்கொடுத்தே அவ்வணி இந்நிலையை மேற்கொண்டது. அவ்வழியில் வந்த ஜோயல் எம்பீட் 2023இல் ஆண்டின் மிகச்சிறந்த வீரர் விருதைப் பெற்றார். ஆனால் அவரோடு தேர்ந்தெடுக்கப்பெற்ற உயர்நிலை இளைஞர் பலர் நிலைக்காமல் வேறு அணிகளுக்குச் சென்றனர். அந்த இளைஞர்களைக் கொண்டு ஃபிலடெல்ஃபியா ஒருமுறையேனும் பின்சுற்றின் இரண்டாம் கட்டத்தைக் கடந்ததில்லை. இளைஞரைச் சேர்ப்பது வேறு. இளைஞரை வளர்ப்பது வேறு என்பதற்கு இது சான்று.

விரைந்த தீர்ப்பின் பிழை

டெட்ராய்ட் அணியின் பழைய ஏடுகளிலேயே விரைந்த தீர்ப்புக்கு எதிரான சான்று உண்டு. சான்சி பில்லப்ஸ் என்பவரை 1997இல் பாஸ்டன் அணி மூன்றாம் இடத்தில் தேர்ந்தது. முதற்பருவம் முடியும் முன்பே வேறு அணிக்கு அவரை மாற்றிவிட்டது. பல அணிகளைச் சுற்றி 2002இல் அவர் டெட்ராய்ட் வந்தார். 2004இல் அணி பட்டம் வென்றபோது இறுதிப் போட்டியின் சிறந்த வீரர் அவரே. அதே அணியின் தூணாக விளங்கிய பென் வாலஸ், 1996இல் எந்த அணியாலும் தேர்ந்தெடுக்கப்படாதவர். பின்னாளில் 2021இல் கூடைப்பந்துப் புகழ் மன்றத்தில் இடம்பெற்றார். இருபது வயதில் எழுதப்பட்ட தீர்ப்பு எத்துணை நிலையற்றது என்பதை இவ்விருவர் வாழ்வும் உணர்த்தும்.

முடிவுரை

மூன்று கட்சியினரும் உண்மையின் ஒவ்வொரு கூற்றைப் பற்றியிருந்தனர் என்பது இப்போது புலனாகும். காலம் வேண்டும் என்றது உண்மை. ஆயின் காலம் மட்டும் கனிய வைப்பதில்லை. தேர்வு நன்றாக அமைய வேண்டும் என்றதும் உண்மை. ஆயின் நல்ல தேர்வும் தனித்து விடப்பட்டால் வாடும். பட்டறிவு உடையோர் துணை வேண்டும் என்றோரே நடுவழியைச் சுட்டினர். அவர்களும் இளைஞரைக் கொடுத்து மூத்தோரைப் பெறுமாறு கூறினரேயன்றி, இளைஞர் பக்கத்தில் மூத்தோரை நிறுத்துமாறு கூறியவர் அவர்களுள் சிலரே. பெரியாரைத் துணைக்கோடல் என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், அதனை அரசர்க்கு உரிய பகுதியில் வைத்தார். வலிமை உடையோர்க்கும் துணை வேண்டும் என்பது அவர் உள்ளம் போலும்.

தோல்வி நல்ல ஆசான் என்று எளிதாகக் கூறிவிடுகிறோம். இருபத்தெட்டு முறை தோற்ற அந்த இளைஞர்களுக்குத் தோல்வி தானாக எதையும் கற்பித்துவிடவில்லை. ஏன் தோற்றோம் என்பதை அருகிருந்து காட்டவும், சுமையில் ஒரு பங்கை ஏற்கவும் ஒருவர் வந்த பிறகே அது பாடமாயிற்று. அவ்வீரர்களின் வயதுதான் நம் வகுப்பறைகளில் அமர்ந்திருப்போரின் வயதும். ஓர் இளைஞரைத் தேறாதவர் என்று ஒதுக்கும் முன், அவர் அருகில் யாரை நிறுத்தினோம் என்று கேட்டுக்கொள்வது ரசிகர்க்கும் கடமை. ஆசிரியராகிய நமக்கும் கடமை.