முன் சக்கரத்தின் கணக்கு

பழைய காருக்குப் புது சஸ்பென்ஷன் செய்ய ஆசைப்படுகிறவர்கள் வெல்டிங்குக்கு முன்னால் கற்க வேண்டியது ஏராளம்

ஹைதராபாதின் உப்பலிலிருந்து வாரங்கல் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் 2018இல் தொடங்கிய மேம்பாலப் பணி ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தது. அது வாகன ஓட்டிகளின் பொறுமையை மட்டுமல்ல, வண்டிகளின் சஸ்பென்ஷனையும் சோதித்தது. புதிய கார்களே திணறும் பள்ளங்களில் ஐம்பது வயதைக் கடந்த அம்பாசடரும் ஃபியட்டும் ஹெரால்டும் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. பழைய காரை ஆசையாக வைத்திருப்பவருக்கு அப்போது ஒரு யோசனை பிறக்கும்: முன்பக்கத்தையே புதிதாகச் செய்துவிட்டால் என்ன?

லேத்துக்கும் வெல்டிங்குக்கும் உப்பல் தொழிற்பேட்டையில் பஞ்சமில்லை. கணக்குதான் கைவசம் இருக்காது.

தமிழர்களுக்கு ஸ்பிரிங் புதிதல்ல. பயணிகளுக்கென்று வில் வைத்துக் கட்டிய மாட்டுவண்டியை 'வில்வண்டி' என்றே அழைத்தோம். ஆனால் காரின் முன் சக்கரத்துக்கு இரட்டை வேலை. அது மேலும் கீழும் ஆட வேண்டும், இடமும் வலமும் திரும்பவும் வேண்டும். ஒன்று மற்றொன்றைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வதுதான் முன் சஸ்பென்ஷன் வடிவமைப்பின் சாரம்.

சக்கரம் மேட்டில் ஏறும்போது அதைத் தாங்கும் ஆர்ம் ஒரு வட்டத்தில் நகர்கிறது; ஸ்டீயரிங்கோடு இணைக்கும் டை ராட் இன்னொரு வட்டத்தில் நகர்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஓட்டுநர் ஸ்டீயரிங்கை அசைக்காமலேயே சக்கரம் திரும்பும். நகரத்துக்குள் 30 கிலோமீட்டர் வேகத்தில் இது வெறும் எரிச்சல். நெடுஞ்சாலையில் 80ஐத் தொடும்போது உயிருக்கே ஆபத்து.

ஸ்பிரிங்கிலும் இப்படிப்பட்ட பொறிகள் உண்டு. ஆர்மின் பாதித் தூரத்தில் ஸ்பிரிங்கை நிறுத்தினால் சக்கரத்தில் உணரப்படும் விறைப்பு பாதியாகக் குறையாது, கால்வாசியாகிவிடும். அம்பாசடரில் இருப்பதுபோன்ற டார்ஷன் பாரை, அதாவது முறுக்குக் கம்பியை, பத்து சதவீதம் தடிமனாக்கினால் அதன் விறைப்பு சுமார் 46 சதவீதம் கூடும். 'கொஞ்சம் தடியாகப் போடுங்கள்' என்று பட்டறையில் சொல்வது அவ்வளவு சின்ன விஷயமல்ல.

இந்த அம்பாசடரின் பூர்வீகத்தில் சுவையான கதை ஒன்று உண்டு. மாரிஸ் மைனரை உருவாக்கிய அலெக் இசிகோனிஸ், கல்லூரியில் கணிதத் தேர்வில் மூன்று முறை தோற்றவர். 1930களில் நண்பர் ஜார்ஜ் டவுசனோடு சேர்ந்து சொந்தக் கையால் ஒரு பந்தயக் கார் கட்டினார். அதன் சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன், ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர். பெயர் 'லைட்வெயிட் ஸ்பெஷல்'. கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் ஆயின. 1948இல் வந்த மைனரின் முன்பக்கத்தில் முறுக்குக் கம்பிகள் இருந்தன. அதே ஆண்டில் வெளிவந்த மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலும் அதே ஏற்பாடுதான். ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசைதான் இந்தியாவில் அம்பாசடராகி, உத்தரபாராவில் 2014 வரை தயாரானது.

சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஹெரால்டு சொல்லும் பாடம் வேறு. இரண்டு ஆர்ம், நடுவே சுருள் ஸ்பிரிங், சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் சாமர்த்தியம். ஆனால் சக்கரத்தைத் தாங்கும் தூணின் அடிமுனை, மரையுள்ள ஒரு பித்தளைத் துண்டில் சுழல்கிறது. அதற்குக் கிரீஸ் ஆகாது, கெட்டியான கியர் ஆயில்தான் விட வேண்டும். கவனிக்காமல் விட்டால் மரைப் பகுதி துருவேறி ஒருநாள் முறிந்து, சக்கரம் மடிந்துவிடும். புது சஸ்பென்ஷன் வேண்டும் என்று முடிவெடுக்கும் பலருக்கு உண்மையில் வேண்டியது ஆயிலும் புது புஷ்களும்தான்.

அப்படியும் செய்தே தீருவேன் என்பவருக்கு பிரிட்டனின் லோட்டஸ் முன்னுதாரணம். காலின் சாப்மனின் அந்த நிறுவனம், எலான் காருக்கு ட்ரையம்ஃப் கார்களின் தயார்த் தூணையே எடுத்துக்கொண்டு மற்றதைத் தானே வடிவமைத்தது. உயிரைத் தாங்கும் உறுப்பை ஆலையில் வார்த்து, சோதித்துத் தருபவரிடம் வாங்குவது கௌரவக் குறைவல்ல. கோவையின் கரிவர்தன் 1988இல் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கியதும் இதே வழியில்தான்: கிடைப்பதை எடு, தேவையானதை மட்டும் செய்.

கற்கும் வழி எளிது, பொறுமைதான் வேண்டும். காரை ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி ஸ்பிரிங்கைக் கழற்றுங்கள். ஜாக்கியால் சக்கரத்தை அங்குலம் அங்குலமாக உயர்த்தி, அதன் சாய்வையும் திருப்பத்தையும் தூக்குநூலால் அளந்து எழுதுங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் மீதும் விழும் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆர்ம்களை அட்டையில் வெட்டிக் குண்டூசியால் இணைத்து ஆட்டிப் பாருங்கள். அதன் பிறகே இரும்பு. கோவையில் கரிவர்தன் பெயரில் உள்ள பந்தயத் தடத்தில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு வரும் பொறியியல் மாணவர்களும் முதலில் அளவுகளைத்தான் நியாயப்படுத்த வேண்டியிருக்கிறது.

கடைசிக் கேள்வி சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளரின் அசல் விவரங்களிலிருந்து வண்டி மாறுபடுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. 2021இல் வந்த பழம்பெரும் வாகன விதிகளின்படி, ஐம்பது வயதைக் கடந்த கார் அசல் வடிவில் இருந்தால்தான் தனிப்பதிவு கிடைக்கும். சேசிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ கைவைத்தால் அந்தத் தகுதி போய்விடும். புது ஆர்முக்காக சேசிஸை வெட்டுகிறவர், காரின் வரலாற்றையும் சேர்த்து வெட்டுகிறார்.

எனவே வடிவமைப்பைக் கற்பதன் முதல் பலன் புது சஸ்பென்ஷனாக இருக்க வேண்டியதில்லை. பழையது ஏன் அப்படி இருக்கிறது என்று புரிந்துகொள்வதே போதும். அது புரிந்தவர் வெட்டும் இடத்தில் தயங்குவார். அந்தத் தயக்கம்தான் பின் சீட்டில் உட்காருபவருக்குப் பாதுகாப்பு.