மிக்சர் ஸ்க்ரூவும் விஷவாயுவும்

ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை பாலாற்றையொட்டிப் பரவிக் கிடக்கும் தோல் தொழில் பிரதேசத்தில், பதினைந்து வருஷம் கடந்தும், ஐந்தாண்டுக்கொரு முறை சோதனைக்குட்பட்டுப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு ஓடும் பழைய அம்பாசடர்களும் மாருதி 800களும் இன்னமும் உண்டு. அவை இழுவை குறைந்து பட்டறை வாசலில் வந்து நின்றால், மெக்கானிக் முதலில் கைவைப்பது கார்புரேட்டரின் மிக்சர் ஸ்க்ரூவில்தான். அந்தத் திருகு ஆளுவதோ பெரும்பாலும் ஐட்லிங்கை மட்டுமே. மேம்பாலம் ஏறுகையில் வேண்டிய பெட்ரோலைத் தருவது மெயின் ஜெட். ஆகவே ஏர் ஃபில்டர், ஜெட்டில் அடைந்த அழுக்கு, ஃப்ளோட் மட்டம், பிளக், இக்னிஷன் டைமிங் ஆகியவற்றைப் பரிசோதியாமல், காதால் கேட்டுத் திருகைத் திருப்பிவிட்டு 'டியூனிங்' என்று பணம் பெறுவது அநீதி என்றே சொல்வேன். பிளக்கைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்: முனை இளம்பழுப்பாயின் கலவை சரி; கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி; வெளிறியிருந்தால் காற்று மிகுதி, எஞ்சின் சூடேறும்.

பெட்ரோல் ஒரு பங்குக்கு எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று குறைந்தால் கார்பன் மோனாக்சைடு மிகுகிறது. நிறமும் மணமும் அற்ற இந்த விஷவாயு, ஆக்ஸிஜனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேலான பற்றுடன் ரத்தத்தின் ஹீமோகுளோபினைக் கவ்விக்கொள்வதால், தலைவலியாகத் தொடங்கி உயிரையே பறிக்க வல்லது. ஷட்டர் இறக்கிய பட்டறையில் எஞ்சினை ஓடவிட்டு டியூன் செய்வதை எக்காரணம் பற்றியும் அனுமதிக்கலாகாது. யாருக்கேனும் தலை சுற்றினால், உடனே திறந்த வெளிக்குக் கொண்டுவந்து 108ஐ அழையுங்கள். இப்போது பங்க்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கக்கூடுமாதலால், கசிவையும் பார்க்கச் சொல்வது அவசியம்.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 115ஆம் விதிப்படி, பாரத் ஸ்டேஜ் 2 என்ற புகைத் தரத்துக்கு முந்திய பெட்ரோல் கார் ஐட்லிங்கில் விடும் புகையில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்தையும் ஹைட்ரோகார்பன் 1500 பிபிஎம்மையும் தாண்டக்கூடாது. இவ்வண்டிகளுக்கு ஆறு மாதத்துக்கொரு முறை புகைச் சான்றிதழ் வேண்டும். மீறினால் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ரூ.10,000 வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். தோல் ஆலைக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்ற கோட்பாட்டை 1996இல் உச்ச நீதிமன்றம் நாட்டின் சட்டமாக ஏற்றது. ஆலைக்குச் சொன்ன அந்த நியாயம் நம் சைலன்சருக்கும் பொருந்தும்.

பட்டறைக்காரர் பில் தர மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி முறையற்ற வணிகம். பழுதான வேலைக்கு, இரண்டு ஆண்டுக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வக்கீலின்றி முறையிடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை. அதற்குமுன் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். ஆனால் பில்லும் பழைய பாகங்களும் கையில் இல்லாவிட்டால் வழக்கு நிற்பது சிரமம்.

டியூனிங் முடிந்ததும் புகைச் சோதனை மையத்துக்கு நேரே சென்று, கருவியின் குழாய் சைலன்சருக்குள் நுழைவதை நீங்களே பார்த்து, கார்பன் மோனாக்சைடு அளவு 3 சதவீதத்துக்கு மேல் நின்றால் அதே பட்டறைக்குத் திரும்பி வந்து சரிசெய்து தரக் கேளுங்கள்.