கியரா, ஆட்டோமேட்டிக்கா?

"ஆட்டோமேட்டிக் எதுக்கு? கியர் காரே போதும், விலை குறைச்சல்" என்றார் என் கணவர். பேசின் பிரிட்ஜ் நெரிசலில் கிளட்ச்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் வலிப்பது எனக்குத்தானே! விசாரித்ததில், நடுவழி ஒன்று இருப்பது தெரிந்தது. 2014-ல் மாருதி செலேரியோவில் வந்த ஏ.எம்.டி. அதில் கிளட்ச் பெடலே கிடையாது. உள்ளே சாதாரண கியர்பெட்டிதான். மாற்றும் வேலையை வண்டியே பார்த்துக்கொள்ளும். அதனால்தான் மற்ற ஆட்டோமேட்டிக்கைவிட விலை குறைவு. மாறும்போது சின்னதாக ஒரு குலுக்கல் வரும், பழகிவிடும்.

ஆனால் தோழியரே, மேம்பால ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால் ஆக்சிலேட்டரை அழுத்தியே வண்டியைப் பிடித்து வைக்காதீர்கள். உள்ளே கிளட்ச் தேய்ந்து, செலவு இழுத்துவிடும். பிரேக்தான் சரி. சில வண்டிகள் பிரேக்கை விட்டதும் பின்னால் நகரும்; பின்னால் கன்டெய்னர் லாரி நின்றால் என்ன ஆவது? ஓட்டிப் பார்க்கத் தரும்போது, ஷோரூம் தெருவையே சுற்றாமல், ஒரு பாலத்து ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்பிப் பாருங்கள்.

– ஒரு வாசகி, புளியந்தோப்பு